வாசகர் கேள்வி – பதில்: சித்தி வாங்கிய பிரதி

வில்லியனூரிலிருந்து ஒரு வாசகி: அரிக்கமேட்டை வைத்து ஒரு ஃபேன்டஸி நாவல் எழுதி, அமேசானின் மின்னூல் கடையான கிண்டிலில் நானே வெளியிட்டு மூன்று வாரம் ஆகிறது. முதல் நாள் 14 பிரதி விற்றது. வாங்கியவர்கள் எல்லோரும் சொந்தக்காரர்கள், என் கணவரின் அலுவலக நண்பர்கள். அதற்குப் பிறகு ஒன்றுகூட நகரவில்லை. தெரிந்தவர்கள் இன்னும் நிறைய இருக்கிறார்கள். அவர்களிடமும் கேட்கவா? இல்லை, விளம்பரத்துக்குப் பணம் போடவா?

இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம் அம்மா.

2018-ல் என் முதல் நாவலை ஏற்றினேன். முதல் வாரம் 11 பிரதி. அதில் 9 பேர் உறவு. கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் சித்தி, பாசத்தில் அன்றைக்கே வாங்கிவிட்டார். அவர் அந்தக் கடையில் அதற்கு முன் வாங்கியதெல்லாம் சமையல் புத்தகமும் ஸ்லோகப் புத்தகமும்தான். கொஞ்ச நாளில் என் நாவலின் பக்கத்துக்குக் கீழே, ‘இதை வாங்கியவர்கள் இவற்றையும் வாங்கினார்கள்’ என்ற இடத்தில், வரிசையாகக் குழம்பு வகைகள் வந்து நின்றன. இதை வாங்கியவர் வேறு என்ன வாங்குகிறார் என்பதைப் பார்த்துத்தான் கடை அடுத்தவருக்கு ஒரு புத்தகத்தைக் காட்டுகிறது. மாயக்கதை படிக்காத 9 பேர் முதலில் வாங்கினால், மாயக்கதை படிக்காத ஆட்களுக்கே அது போய்ச் சேரும். உறவுக்காரர்கள் அன்போடு போடும் ஐந்து நட்சத்திர விமர்சனத்துக்கும் அமேசான் விதியில் இடம் இல்லை. கண்டுபிடித்தால் எடுத்துவிடுவார்கள். உறவுக்காரர்களுக்கு அச்சுப் பிரதி கொடுங்கள். அவர்களுக்கும் அதுதான் பிடிக்கும்.

சரி, முன்பின் தெரியாதவர் ஏன் வாங்கவில்லை? உங்கள் நூலின் இலவச மாதிரியை இறக்கிப் படித்தேன். கிண்டிலில் மாதிரி என்பது நூலின் முதல் பத்து சதவீதம். உங்கள் நூல் சுமார் 210 பக்கம், ஆக மாதிரி 21 பக்கம். அதில் அணிந்துரை 6, வாழ்த்துரை 3, என்னுரை 3, நன்றி 1, அரச வம்சாவளி 4. கதை 18-ஆம் பக்கத்தில்தான் தொடங்குகிறது. நான்கே பக்கம் படித்ததும் ‘வாங்குங்கள்’ என்ற பொத்தான் வந்துவிடுகிறது. உங்கள் நாயகி அப்போதுதான் ஆற்றங்கரைக்கு வந்து நிற்கிறாள்!

அச்சுப் புத்தகத்தைக் கடையில் நடுவில் புரட்டிப் பார்க்கலாம். இங்கே அந்த வழி கிடையாது. எனவே அணிந்துரை முதல் வம்சாவளி வரை எல்லாவற்றையும் நூலின் கடைசிக்குக் கொண்டுபோங்கள். அணிந்துரை எழுதித் தந்த பெரியவருக்கு முதலில் போன் செய்து காரணத்தைச் சொல்லிவிடுங்கள். திருத்திய கோப்பை எப்போது வேண்டுமானாலும் மறுபடி ஏற்றலாம், அதற்குக் கட்டணம் இல்லை.

அடுத்தது அறிமுகக் குறிப்பு. ‘பண்டைய துறைமுகத்தில் அன்பும் வீரமும் துரோகமும் பின்னிப் பிணைந்த மாபெரும் காவியம்’ என்று போட்டிருக்கிறீர்கள். பூம்புகார், கொற்கை, முசிறி என்று எந்தத் துறைமுகக் கதைக்கும் இது பொருந்தும். உங்கள் கதையில் இருப்பதையே எடுத்து நான் இப்படி எழுதிப் பார்த்தேன்: ‘அரிக்கமேட்டில் கண்ணாடி மணிக்குத் துளையிடுபவள் நீலி. வயது பதினாறு. அவள் துளையிட்ட ஒரு மணிக்குள் கடல் இரைகிறது. அந்த மணியைத் தேடி ஒரு கப்பல் வந்துகொண்டிருக்கிறது.’ இவ்வளவு போதும். 1945-ல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழாய்வு செய்தது, ரோமாபுரி வணிகம் இதெல்லாம் கடைசியில் ஒரு வரி வந்தால் போதும். மாயக்கதை தேடி வருகிறவருக்கு முதலில் அந்த மணிதான் வேண்டும்.

அட்டையை போனில் தபால்தலை அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். கடையில் அது அந்த அளவில்தான் தெரியும். உங்கள் தலைப்பில் ‘ணி’யின் மேல் வளைவு அலைகளுக்குள் மறைந்து, ‘மணி’ என்பது ‘மண’ என்று தெரிகிறது. எழுத்தைத் தடிமனாக்கி, பின்னால் இருக்கும் கப்பல்களைக் குறையுங்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகு, முன்பின் தெரியாத பத்துப் பேரைத் தேடுங்கள். யூடியூபில் தமிழ் நாவல்கள் பற்றிப் பேசுகிறவர்கள், வாசிப்புக் குழு நடத்துகிறவர்கள், அரிக்கமேட்டு மேட்டில் நின்று ஓட்டாஞ்சில்லைப் படம் பிடித்துப் போடும் வரலாற்று ஆர்வலர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, அவர் என்ன பேசினார், என்ன எழுதினார் என்று படித்துவிட்டுக் கடிதம் எழுதுங்கள். முதல் இரண்டு அத்தியாயத்தை மட்டும் இணையுங்கள். அமெரிக்காவின் மினசோட்டாவில் அமாண்டா ஹாக்கிங் என்ற பெண், பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிய தன் மாயக்கதைகளை 2010 ஏப்ரலில் தானே மின்னூலாக ஏற்றத் தொடங்கினார். புத்தகங்களைப் பற்றி வலைப்பதிவு எழுதுகிறவர்களுக்கு அவர் எழுதிக் கேட்ட பிறகுதான் விற்பனை ஏறியது. பத்து லட்சத்துக்கு மேல் விற்று, 2011-ல் பெரிய பதிப்பகமே தேடி வந்தது. ஆனால் அவர் தொடங்கும்போதே பல நாவல்களை எழுதி முடித்துக் கையில் வைத்திருந்தார். இதைத்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன். உங்கள் இரண்டாம் பாகம் எங்கே அம்மா?

பண்ருட்டியிலிருந்து ஒரு வாசகர்: மின்னூலை அமேசானில் மட்டும் விற்க ஒப்புக்கொள்ளும் கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர்ந்திருக்கிறேன். 5 இலவச நாள் கிடைத்திருக்கிறது. நாவல் வந்த வாரமே ஐந்தையும் பயன்படுத்தலாமா? தொடரின் முதல் பாகம் இது.

வேண்டாம். அந்த 5 நாள் ஒவ்வொரு 90 நாளுக்கும் புதிதாகக் கிடைக்கும், தனித்தனியாகவும் எடுத்துக்கொள்ளலாம். இப்போது இலவசமாகக் கொடுத்து 300 பேர் இறக்கினார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். படித்து முடித்த இருபது பேருக்கு அடுத்து வாங்க உங்களிடம் ஒன்றும் இருக்காது. இரண்டாம் பாகம் வந்த அன்று முதல் பாகத்தை இலவசமாக்குங்கள். முதல் பாகத்தின் கடைசிப் பக்கத்தில் இரண்டாம் பாகத்துக்கு இணைப்பு கொடுங்கள். ஃபேன்டஸிக்கு உள்ள பெரிய வசதியே வாசகர் அந்த உலகத்தை விட்டு வெளியே வர விரும்பாததுதான். பலாப்பழ ஊர்க்காரருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு சுளை ருசி பார்க்கக் கொடுக்கும்போது பழம் கையில் இருக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. செலக்டில் இருக்கும்வரை அந்த மின்னூல் வேறெங்கும் இருக்கக் கூடாது. பிரதிலிபி என்ற இணையக் கதைத் தளத்தில் முன்பு தொடராகப் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். அச்சுப் புத்தகத்துக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு வாசகர்: பத்து வருடத்துக்கு முன் டிடிபி கடையில் அடித்த நாவலை ஏற்றினால் எழுத்தெல்லாம் குப்பையாக வருகிறது.

அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருக்கும். எல்லாக் கருவியிலும் ஒரேபோல் தெரியும் யூனிகோடுக்கு மாற்றுங்கள், இணையத்தில் இலவச மாற்றிகள் இருக்கின்றன. மாற்றியபின் ‘ஸ்ரீ’, ‘க்ஷ’, ‘ஔ’ மூன்றையும் தேடித் தேடிச் சரிபாருங்கள். டிடிபி வேலையில் 14 வருடம் இருந்தவள் சொல்கிறேன், பிழை அங்கேதான் ஒளிந்திருக்கும்.

லாஸ்பேட்டையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: 6,000 ரூபாய் கொடுத்தால் 50 விமர்சனம் போட்டுத் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா தோழர்?

கொடுக்காதீர்கள் தம்பி. விலைக்கு விமர்சனம் வாங்குவது விதிமீறல். உங்கள் கணக்கே முடக்கப்படலாம். அப்படி ஓர் ஆளிடம் என் இரண்டாவது நாவலுக்கு நான் பணம் கொடுத்து ஏமாந்தேன். வந்த விமர்சனங்களில் ‘அருமையான கவிதைத் தொகுப்பு’ என்றுகூட ஒன்று இருந்தது. ஒரே வாரத்தில் எல்லாம் நீக்கப்பட்டன. உண்மையாகப் படித்து விமர்சனம் எழுதிய இரண்டு பேருடையதும் அதோடு சேர்ந்து போனது. அந்த இரண்டை நினைத்து இன்றும் வருந்துகிறேன். அந்த 6,000-ஐ நல்ல ஓவியரிடம் அட்டைக்குக் கொடுங்கள், அல்லது பிழை திருத்துபவருக்குக் கொடுங்கள்.

பாகூரிலிருந்து ஒரு வாசகி: மாதம் எத்தனை பிரதி விற்றால் நாம் சரியான வழியில் போகிறோம் என்று எடுத்துக்கொள்ளலாம்?

முதல் வருடம் பிரதிக் கணக்கைப் பார்க்காதீர்கள். செலக்டில் இருந்தால், சந்தா கட்டிப் படிக்கும் ‘கிண்டில் அன்லிமிடெட்’ வாசகர்கள் படித்த பக்கங்கள் அறிக்கையில் தனியாக வரும். அதைப் பாருங்கள். என் முதல் நாவல் அவர்கள் கணக்கில் 212 பக்கம். ஆறு வாரம் பூஜ்யமாகவே கிடந்த அந்த அறிக்கையில் ஒரு திங்கட்கிழமை 38 என்று வந்தது. செவ்வாய் 71. புதன்கிழமை காலையில் முத்தியால்பேட்டையில் பால் வாங்கிக்கொண்டு வரும் வழியிலேயே போனைத் திறந்து பார்த்தேன், ஒன்றும் ஏறவில்லை. அன்றைக்கு முழுவதும் வேலை ஓடவில்லை. இரவு 103 ஏறியிருந்தது. கூட்டிப் பார்த்தேன், சரியாக 212. எனக்கு முகம் தெரியாத ஒருவர், மூன்று நாளில், முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்திருக்கிறார். பணமாக அதற்குக் கிடைத்தது சில்லறைதான். அன்று இரவே இரண்டாம் பாகத்தின் முதல் அத்தியாயத்தைத் தொடங்கினேன்.