பேய்க் கதைதான் எழுத வேண்டுமா?

அன்புள்ள சார்,

குறைந்த பட்ஜெட் திரைக்கதைப் போட்டி ஒன்றுக்கு எழுதலாம் என்றிருக்கிறேன். நான்கைந்து இடங்கள், ஏழெட்டு நடிகர்களுக்குள் கதை முடிய வேண்டும் என்பது நிபந்தனை. என்னிடம் மூன்று கதைகள் இருக்கின்றன. ஒன்று, பூட்டிக் கிடக்கும் பங்களாவில் ஓர் இரவு தங்கும் நண்பர்களைப் பற்றிய பேய்க் கதை. இரண்டாவது, 1990-களில் எங்கள் ஊரில் இருந்த கபடி அணி பற்றியது. மூன்றாவது, பரஸ்பர சம்மத விவாகரத்தின் கடைசி வாய்தாவுக்காக மதுரையிலிருந்து சென்னைக்கு ஒரே ரயிலில் போகும் கணவன் மனைவி. இதை எந்த ஜானரில், அதாவது எந்தக் கதை வகையில் சேர்ப்பது என்றே தெரியவில்லை. பட்ஜெட் இல்லையென்றால் பேய்ப்படம்தான் சரி என்கிறார்கள் நண்பர்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கதிர், மேலூர்

அன்புள்ள கதிர்,

நண்பர்கள் காரணம் இல்லாமல் சொல்லவில்லை. 'பாராநார்மல் ஆக்டிவிட்டி' என்ற ஹாலிவுட் பேய்ப்படத்தை ஓரென் பெலி ஏறக்குறைய 15,000 டாலரில், தன் சொந்த வீட்டிலேயே எடுத்தார். படுக்கையறையில் ஸ்டாண்டில் நிற்கும் ஒரு கேமரா, தூங்கும் இரண்டு பேர், தானாக அசையும் ஒரு கதவு. ராத்திரியில் என்ன நடக்கிறது என்று பார்க்கக் கதாநாயகனே வைத்த கேமரா அது. அதனால் ஆடாத ஃபிரேமும் மங்கல் வெளிச்சமும் நமக்குக் குறையாகத் தெரிவதில்லை. கதவையே பார்த்துக்கொண்டு காத்திருக்கிறோம். அந்தக் காத்திருப்புக்குப் பணம் தேவைப்படவில்லை.

உங்கள் பங்களாவுக்கு வருவோம். கதை முழுக்க ராத்திரி. அப்படியானால் ஜெனரேட்டர், லைட், யூனிட் முழுவதற்கும் இரவு பேட்டா. பேய் முகம் காட்டினால் மேக்கப்பும் கிராபிக்ஸும் சேரும். ஐந்து நண்பர்களும் தனித்தனியாக ஓடினால் ஒவ்வொருவர் பின்னாலும் கேமரா ஓட வேண்டும். பேய்ப்படம் என்ற பெயருக்காக மட்டும் ஒரு கதை மலிவாகிவிடாது.

கபடிக் கதையை இந்தப் போட்டிக்கு அனுப்பாதீர்கள். இதைச் சொல்ல எனக்கும் வருத்தமாகத்தான் இருக்கிறது. மூன்றில் உங்கள் மனம் அதிகம் இருப்பது அதில்தான் என்று தோன்றுகிறது. ஆனால் 14 பேர் களத்தில், நூறு பேர் சுற்றி நின்று பார்க்க வேண்டும். 1990-கள் என்றால் தெருவில் நிற்கும் பைக்கிலிருந்து கடை போர்டு வரை மாற்ற வேண்டும். அதைப் பத்திரமாக வைத்திருங்கள்.

ஒரு போட்டியில் முதல் சுற்று வாசகனாக நான் இருந்திருக்கிறேன். ஒவ்வொரு காட்சியின் ஓரத்திலும் இடம், ஆள், பகலா இரவா என்று பென்சிலில் குறித்துக்கொண்டே படிப்போம். நல்ல கதைகள் பல விழுந்தது இந்த ஓரத்தில்தான். குழந்தை என்று எழுதும்போது, ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் குழந்தையை நடிக்கவைக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை என்பதும், மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நாய் என்று எழுதினால் விலங்கு நல வாரியத்தின் அனுமதி. டீக்கடை ரேடியோவில் பழைய பாட்டு ஒலிக்கிறது என்று ஒரு வரி எழுதினால் அந்தப் பாட்டின் உரிமைக்குப் பணம்.

அப்புறம், எந்த ஜானர்? ஒரு சின்ன இடத்தில் ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் பார்வையாளர் காத்திருக்கிற கதை எதுவானாலும் சரி என்பேன். ஒரு கொலை வழக்கில் முடிவு சொல்ல வேண்டிய பன்னிரண்டு ஜூரிகள் வாதிடும் '12 ஆங்க்ரி மென்' 1957-இல் வந்தது, கிட்டத்தட்ட முழுவதும் ஒரே அறைதான். அதன் இயக்குநர் சிட்னி லூமெட் தொடக்கத்தில் கேமராவைக் கண் மட்டத்துக்கு மேலே வைத்து, போகப்போகக் கீழே இறக்கி, லென்ஸையும் மாற்றிக்கொண்டே போனார். கடைசியில் சுவர்கள் நெருங்கி வந்தது போலிருக்கும். வாதம் இறுக இறுக அறையும் இறுகுகிறது. பார்த்திபனின் 'ஒத்த செருப்பு' படத்தில் விசாரணை அறையில் நாம் பார்ப்பது ஒரே ஒரு ஆளைத்தான், மற்றவர்கள் எல்லாரும் வெறும் குரல்கள். அங்கே நம்மை உட்காரவைப்பது, இவன் சொல்வது நிஜமா என்கிற கேள்வி.

ஒரே அறைதான் வழி என்றும் இல்லை. உங்கள் பக்கத்து அரிட்டாபட்டிக்காரரான வினோத்ராஜின் 'கூழாங்கல்' பெரும்பாலும் வெட்டவெளி. ஒரு அப்பாவும் மகனும் வெயிலில் நடக்கிறார்கள். 2021-இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் முதல் பரிசான டைகர் விருது வாங்கிய படம். தனக்குத் தெரிந்த மண்ணில், தெரிந்த வெயிலில் எடுத்திருக்கிறார். அப்பாவின் கோபம் எப்போது வெடிக்கும் என்று அந்தப் பையனோடு சேர்ந்து நாமும் பயந்துகொண்டே நடக்கிறோம்.

அதனால் உங்கள் மூன்றாவது கதையைத்தான் எழுதச் சொல்வேன். அது எந்த ஜானர் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அது சஸ்பென்ஸ். முதல் மனுவுக்குப் பிறகு சட்டம் கொடுக்கிற ஆறு மாத அவகாசம் முடிந்துவிட்டது. நாளைக் காலையில் இருவரும் நீதிபதி முன்னால் சம்மதம் என்று சொல்ல வேண்டும். இருவரில் ஒருவர் மாட்டேன் என்றால்கூடப் போதும், விவாகரத்து கிடைக்காது. சொல்வார்களா? இந்த ஒரு கேள்வி முழுப் படத்தையும் தாங்கும்.

ரயிலை மட்டும் விட்டுவிடுங்கள். ரயில்வேயில் அனுமதி, கட்டணம், அதற்கு மேல் ஓடுகிற பெட்டிக்குள் ஒலிப்பதிவு. ரயில் சென்னை வந்து சேர்ந்த பிறகு கதையைத் தொடங்குங்கள். வாய்தாவுக்கு முந்தைய நாள் பகல், கணவனின் அக்கா வீடு. இரண்டு அறை. அக்காவுக்கு விவாகரத்து விஷயமே தெரியாது. தம்பியும் தம்பி மனைவியும் வந்திருக்கிறார்கள் என்று ஆசையாகச் சமைக்கிறாள். மூன்று பேர், ஒரு வீடு, பெரும்பகுதி பகல் வெளிச்சம். சாப்பாடு பரிமாறும் காட்சியிலேயே ரயிலில் நீங்கள் எழுத நினைத்த அத்தனையும் வந்துவிடும்.

எழுத உட்காரும் முன் ஒன்றை மட்டும் முடிவு செய்துகொள்ளுங்கள். ராத்திரி அக்கா அவர்கள் இரண்டு பேருக்கும் ஒரே அறையில் பாய் விரித்துக் கொடுப்பாள். அப்போது மனைவி என்ன சொல்லிவிட்டு வெளியே வருகிறாள்? அந்த வசனம் கிடைத்ததும் எனக்கு எழுதுங்கள்.