டின்னும் தராசும்: ஏர் ரைஃபிள் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி, பெல்லட்டை, அதாவது ஏர் ரைஃபிளில் போடும் ஈயக் குண்டை, தரம் பார்த்துப் பிரிப்பது பற்றித்தான்.

கே: 4.49 மில்லிமீட்டர் பெல்லட் வாங்கவா, 4.50 வாங்கவா? (வேளச்சேரி)

என்ன ரைஃபிள் என்றே எழுதவில்லை. சரி, எழுதியிருந்தாலும் நான் சொல்ல முடியாது, உங்கள் ரைஃபிளின் குழல், அதாவது பேரல்தான் சொல்ல வேண்டும். ஒரே மாடலில் இரண்டு ரைஃபிள் இருந்தால் ஒன்றுக்கு இது பிடிக்கும், மற்றதற்கு அது. ரைஃபிளைக் கிளாம்பில் பூட்டி, ஒவ்வொரு டின்னிலும் பத்துப் பத்து சுட்டுப் பாருங்கள். குரூப் (துளைகள் விழும் கூட்டம்) எதில் சின்னதாக விழுகிறதோ அந்த டின்னின் பேட்ச் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே பேட்சில் மொத்தமாக வாங்குங்கள்.

கே: மகனுக்காக தினமும் ராத்திரி நகைத் தராசில் பெல்லட்டை எடை போடுகிறேன். எல்லாமே 0.53 கிராம்தான் காட்டுகிறது. அவன் ஸ்கோர் 590-ஐத் தாண்டவில்லை. (பெரம்பூர்)

வேறென்ன காட்டும்? பத்து மில்லிகிராமுக்குக் கீழே எதுவும் அந்தத் தராசின் கண்ணுக்குத் தெரியாது. நல்ல மேட்ச் (போட்டிக்கான) பெல்லட் டின்னுக்குள் வித்தியாசமே சில மில்லிகிராம்தான். உடனே ஒரு மில்லிகிராம் தராசு வாங்க ஓடாதீர்கள். என் வீட்டில் அந்தக் கூத்து நடந்து முடிந்துவிட்டது. மின்விசிறி ஓடினால் எண் நிற்காது, அதை நிறுத்தினால் மே மாதத்தில் நான் உட்கார முடியாது. இரண்டு ஞாயிறு செலவழித்து மூன்று டின்னை நான்கு டப்பாவாகப் பிரித்தேன். கிளாம்பில் சுட்டால் நான்கும் ஒரே மாதிரி குரூப்!

பார்க்க வேண்டியது ஸ்கர்ட்டை, அதாவது பெல்லட்டின் பின்பக்க மெல்லிய விளிம்பை. கண்ணாடித் தட்டில் உருட்டுங்கள். நல்ல பெல்லட் அழகாக வட்டமடித்து வரும், நசுங்கியது நொண்டும். நொண்டுவதை ஒதுக்கிவிடுங்கள், பயிற்சிக்கு ஆகும். டின்னைச் சட்டைப் பையில் கவிழ்த்துக்கொண்டு ரேஞ்சுக்கு வருகிறவர்கள்தான் பாதி ஸ்கர்ட்டை நசுக்குகிறார்கள், அப்புறம் கம்பெனியைத் திட்டுகிறார்கள். பத்து மதிப்பெண் வளையம் அரை மில்லிமீட்டர் புள்ளி, ஐயா. 590 அடிக்கும் பையனுக்குப் பிரச்சினை பெல்லட்டில் இல்லை, நிற்பதிலும் ட்ரிகரிலும் இருக்கிறது. அந்த ராத்திரி நேரத்தில் அவனை டிரை ஃபயரிங் (பெல்லட் போடாமல் சுட்டுப் பழகுவது) செய்யவிடுங்கள். நீங்கள் கையைக் கழுவிக்கொண்டு தூங்குங்கள்.

கே: பழைய டின்னில் வெள்ளைப் பொடி படிந்திருக்கிறது. ஊதிவிட்டுச் சுடலாமா? (திருவான்மியூர்)

ஊதவே ஊதாதீர்கள்! அது ஈயம் அரித்து வந்த பொடி, விஷம். அந்த டின் போனது போனதுதான். புது டின்னை மர அலமாரியில் வைக்காதீர்கள், மரத்திலிருந்து வரும் அமில ஆவியும் ஈயத்தை அரிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

கே: பெல்லட்டைக் கழுவி எண்ணெய் போடலாமா? (அண்ணா நகர்)

மேட்ச் பெல்லட்டுக்குத் தேவையில்லை. பாத்திரம் துலக்கும் தொட்டியில் ஈயத்தைக் கழுவுவது அதைவிட மோசம்.

கே: ரேஞ்சில் கிடக்கும் பித்தளைக் காலித் தோட்டாவைப் பொறுக்கி வந்து வீட்டில் மறுபடி நிரப்பலாமா? (பெயரில்லை)

கூடாது. உரிமம் இல்லாமல் வீட்டில் தோட்டா தயாரிப்பது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். காலியை ரேஞ்சிலேயே ஒப்படையுங்கள். இதைப் பற்றி இனி எழுத வேண்டாம்.

கே: பெல்லட் பிரிக்கும்போது சுண்டல் சாப்பிடலாமா என்று என் மகள் கேட்கிறாள். (மயிலாப்பூர்)

கூடாது, கண்ணு. கை கழுவிவிட்டு, அப்புறம் சுண்டல்.