விடுப்புக் கடிதத்தை எழுதுவது யார்?

கேள்வி: என் கணவருக்கு வயது 47. கூட்டுறவு நிறுவனம் ஒன்றில் எழுத்தர். பத்து வருடங்களுக்கும் மேலாகக் குடிக்கிறார். இரண்டு முறை சிகிச்சைக்குச் சேர்த்தோம்; வீடு திரும்பி ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. குடியை விட்டவர்கள் ஒன்றுகூடும் ஏ.ஏ. கூட்டத்துக்கு அனுப்பிப் பாருங்கள் என்கிறார்கள். எங்களைத் தெரிந்தவர்கள் வராத கூட்டமாக, வெளியூரில் இருந்தாலும் பரவாயில்லை, ஒன்றைச் சொல்லுங்கள். அவர் அலுவலகத்துக்குக்கூட விஷயம் தெரியாமல் குடும்ப மானத்தைக் காப்பாற்றி வருகிறேன். அவர் எழுந்திருக்க முடியாத நாட்களில் காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று விடுப்புக் கடிதம் போய்விடும். பிளஸ் டூ படிக்கும் மகள் அப்பாவின் கையெழுத்தை அச்சு அசலாகப் போட்டுவிடுவாள்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்: சகோதரி, கூட்டத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். உங்கள் கடிதத்தின் கடைசி வரியில் ஒன்றைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். பள்ளிக்குப் புறப்படும் அவசரத்தில், சீருடையோடு உட்கார்ந்து, இந்த முறை காய்ச்சலா வயிற்றுப்போக்கா என்று உங்களிடம் கேட்டுவிட்டு, பெற்ற தகப்பனின் பெயரில் ஒரு பெண் கையெழுத்துப் போடுகிறாள். ‘அச்சு அசலாக’ என்று அதற்குப் பாராட்டு வேறு! அதற்குப் பெயர் கள்ளக் கையெழுத்து. பக்கத்து வீட்டுப் பெண் செய்திருந்தால் நீங்களே அப்படித்தான் சொல்லியிருப்பீர்கள்.

தெருவுக்குத் தெரியாமல் இருப்பதுதான் குடும்ப மானம் என்று எழுதுகிறவர்கள் எனக்குப் புதியவர்கள் அல்லர். அவர்களோடு நான் ஒருநாளும் உடன்பட்டதில்லை. பெற்றவர்களின் வழுக்கலைப் பிள்ளையின் தோளில் ஏற்றாமல் இருப்பதைத்தான் நான் மானம் என்பேன். நோயுற்ற கணவனைப் பார்த்துக்கொள்வது மனைவியின் கடமை என்று நம்புகிறவள்தான் நானும். ஆனால் அவருக்காகப் பொய் சொல்வது அந்தக் கடமையில் சேராது. பிள்ளையைச் சொல்லவைப்பது அறவே சேராது. போகட்டும், மாதம் தவறாமல் வயிற்றுப்போக்கு வருகிற எழுத்தரைப் பற்றிப் பக்கத்து மேசைக்காரருக்கு ஒன்றுமே தெரியாது என்றா நினைக்கிறீர்கள்?

இனி கூட்டம். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற அந்த அமைப்பு, 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியால் நொடித்துப்போன பங்குத் தரகர் பில் வில்சனும் அதே நோயில் கிடந்த ஓர் அறுவை மருத்துவரும் மனம்விட்டுப் பேசியதிலிருந்து பிறந்தது. கட்டணம் கிடையாது, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே தகுதி. பெரும்பாலும் ஒரு பள்ளி வகுப்பறையிலோ தேவாலயக் கூடத்திலோ சேர்ந்து உட்காருவார்கள். பேச வருகிறவர் தன் பெயரைச் சொல்லி, ‘நான் ஒரு குடிநோயாளி’ என்று தொடங்குவார். அந்த ஒரு வாக்கியத்தை அவரேதான் சொல்லியாக வேண்டும். மனைவி சொல்ல முடியாது, மகள் எழுதித் தர முடியாது. தன் விடுப்புக் கடிதத்தைக்கூடத் தான் எழுதத் தேவையில்லாதபடி வீட்டில் வைத்திருக்கும் ஒருவர், அங்கே போய் வாயைத் திறப்பார் என்று எப்படி எதிர்பார்க்கிறீர்கள்?

தெரிந்தவர் வந்துவிடுவாரோ என்ற பயத்தை விடுங்கள். அவரும் அதே நோய்க்காகத்தான் வந்திருப்பார். அங்கே யாரைப் பார்த்தோம், என்ன கேட்டோம் என்பதை வெளியே சொல்வதில்லை என்பது அவர்களுடைய கட்டுப்பாடு. வீட்டுக்கு அருகில் உள்ள கூட்டமே நல்லது. மாலையில் ஆசை கிளம்பும்போது நடந்தே போய்விடலாம். வெளியூர்க் கூட்டம் என்றால் மூன்றாவது வாரமே பஸ் கிடைக்காமல் போய்விடும். 14446 என்ற தேசியப் போதை மீட்பு உதவி எண்ணிலும் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவிலும் விசாரியுங்கள்.

ஆனால் முதலில் போக வேண்டியவர் நீங்கள். பில் வில்சன் குடியை விட்ட பிறகு ஒருநாள் கூட்டத்துக்குக் கிளம்பச் சொன்னபோது, அவருடைய மனைவி லோயிஸ் ஆத்திரத்தில் காலணியை எடுத்து அவர்மேல் வீசிவிட்டார். கணவர் தெளிந்த பிறகும் தனக்கு ஏன் இந்தக் கோபம் என்று யோசிக்கத் தொடங்கிய அந்த அம்மாள்தான், 1951-இல் குடும்பத்தாருக்கான அல்-அனான் அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். அது அருகில் இல்லையென்றால், ஏ.ஏ.-யின் திறந்த கூட்டங்களில் குடும்பத்தாரும் உட்காரலாம். கணவர் வர மறுத்தாலும் நீங்கள் மட்டும் போய் வாருங்கள்.

மகளிடம் இன்றைக்கே, ‘இனி நீ எழுத வேண்டாம், உன்னை எழுதவைத்தது என் தவறு’ என்று சொல்லுங்கள். அடுத்த முறை அவர் எழுந்திருக்க முடியாமல் கிடந்தால், வெள்ளைத் தாளையும் பேனாவையும் அவர் தலைமாட்டில் வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். காய்ச்சல் என்று எழுதினாலும் சரி, உண்மையை எழுதினாலும் சரி, அது அவர் கைப்பட இருக்கட்டும். குடியை நிறுத்திய முதல் இரண்டு மூன்று நாட்களில், பேனா பிடிக்க முடியாதபடி அவர் கை நடுங்கினாலோ, வேர்த்துக்கொட்டிப் பிதற்றினாலோ கடிதத்தை மறந்துவிடுங்கள்; நீண்ட காலம் குடித்தவர் திடீரென்று நிறுத்தும்போது வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். அங்கே மருத்துவர் என்ன நோய் என்று கேட்டால், மகள் பக்கத்தில் நிற்கும்போதே, குடி என்று சொல்லுங்கள்.