நத்தையை வரைந்தது யார்?

கேள்வி: ஐந்து வருடமாக வீட்டிலேயே தீம் கேக் செய்து விற்கிறேன். நின்று நின்று கால் வீங்குகிறது. கேக்கில் செருகும் டாப்பர் படங்களை டிஜிட்டல் கோப்புகளாக இணையத்தில் விற்றால் உட்கார்ந்த இடத்தில் சம்பாதிக்கலாம் என்கிறார்கள். (படமெல்லாம் என் 16 வயது மகள் டேப்லெட்டில் சும்மா வரைந்து தருவது. பரீட்சை நேரத்தில்கூட மறுத்ததில்லை. அவள் வரைந்த குடை பிடித்த நத்தைக்குத்தான் இப்போது ஆர்டர் குவிகிறது.) எந்தத் தளத்தில் விற்கலாம்?

பதில்: தளம் கிடக்கட்டும். அடைப்புக்குறிக்குள் மூன்று வரி எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதமே அதுதான்.

சும்மா வரைகிறாளாம். கால் வீங்குவதை எழுதிய நீங்கள், பரீட்சைக்கு முந்தைய இரவு அவள் எத்தனை மணிக்குப் படுத்தாள் என்று எழுதவில்லை. தெரியுமா உங்களுக்கு? மாவுக்குக் காசு உண்டு, டெலிவரி கொண்டுபோகிறவருக்குக் காசு உண்டு, நத்தைக்கு மட்டும் கிடையாது. ‘குடும்பத்துக்குள் என்ன கணக்கு’ என்பீர்கள். பணம் யார் கையில் வந்து சேர்கிறதோ அவர்கள்தான் எப்போதும் எனக்கு அப்படி எழுதுகிறார்கள். பிள்ளைகள் வீட்டில் கைகொடுக்க வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. பாத்திரம் துலக்கட்டும், கேக் டப்பா மடிக்கட்டும். ஆனால் அவள் கற்பனையில் பிறந்ததை நீங்கள் விலைக்கு விற்கும்போது அதற்குப் பெயர் தொழில். தொழிலில் கூலி பாக்கி வைப்பது, பெற்ற பெண்ணிடமே என்றாலும், கடன்தான்.

இன்னொன்று. தீம் கேக் செய்கிறவர்கள் கேட்கிற கார்ட்டூனையெல்லாம் செய்து பழகியவர்கள். அந்த உருவங்களுக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். அனுமதியில்லாமல் கோப்பாக ஏற்றினால், புகார் வந்ததும் உங்கள் கடையையே மூடிவிடுவதும் உண்டு. மிக்கி மவுஸே 2024-இல்தான் அமெரிக்காவில் பதிப்புரிமை முடிந்து பொதுச் சொத்தானது. அதுவும் 1928-இல் வந்த பழைய கறுப்பு வெள்ளை மிக்கி. டிசைன் செயலியில் கிடைக்கிற பூவையும் பொம்மையையும் அப்படியே எடுத்து விற்பதற்கும் உரிமம் இடம்தராது. எழுத்துருவுக்குக்கூட வணிக உரிமம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இப்படிக் கழித்துக்கொண்டே வந்தால் உங்களிடம் மிஞ்சுவது அந்த நத்தை ஒன்றுதான். அதுவும் உங்களுடையதில்லை. பதிப்புரிமை வரைந்தவருக்கு, வயது அதற்குத் தடையில்லை.

உட்கார்ந்த இடத்தில் சம்பாத்தியம் என்பது பாதி உண்மை. சர்க்கரை மாவுப் போர்வை போர்த்திய ஃபாண்டன்ட் கேக்கை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் முத்து முத்தாக வேர்த்து, கறுப்புச் சாயம் வெள்ளையில் இறங்குமே, அந்தத் தலைவலி போகும். வேறொன்று வரும். ஏ4 தாளில் தெளிவாக அச்சிட அங்குலத்துக்கு 300 புள்ளி (300 டிபிஐ), அதாவது 2480-க்கு 3508 பிக்சல் வேண்டும். டாப்பருக்காகச் சின்னதாக வரைந்த நத்தையை இழுத்துப் பெரிதாக்கினால் குடையின் ஓரமெல்லாம் பிசிறடிக்கும். திரும்ப வரைய வேண்டும். தாளை வெட்டும் இயந்திரம் வைத்திருப்பவர், எவ்வளவு பெரிதாக்கினாலும் பிசிறடிக்காத எஸ்விஜி கோப்பு கேட்பார். ராத்திரி பதினொரு மணிக்கு யாராவது ‘கோப்பு திறக்கவில்லை’ என்று எழுதுவார். யார் பார்ப்பது இதையெல்லாம்? நீங்கள் டேப்லெட்டைத் தொட்டதாகக் கடிதத்தில் எங்கும் இல்லை. உங்கள் கால்வலியை இறக்கி அவள் கண்ணில் ஏற்றப் பார்க்கிறீர்கள், அம்மா.

பரீட்சை முடிகிறவரை புதுப் படம் கேட்காதீர்கள். முடிந்தபின், விற்க அவளுக்கு விருப்பமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளாமல் விட்டுவிடுங்கள். சரி என்றால், பெரும்பாலான தளங்கள் 18 வயது கேட்பதால் கணக்கு உங்கள் பெயரில் இருக்கலாம். ஓவியருக்கான இடத்தில் அவள் விரும்புகிற புனைபெயர், வருவதில் அவள் பங்கு அவள் வங்கிக் கணக்கில். கோப்பு ஏற்றுவதையும் வாங்கியவர்களுக்குப் பதில் எழுதுவதையும் நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள்.

அதற்கு முன்னால், இதுவரை போன நத்தைக் கேக்குகளை ஆர்டர் நோட்டில் எண்ணி, அவள் பங்கை இன்றைக்கே கையில் கொடுங்கள். எதற்கு என்று விழிப்பாள். நோட்டைக் காட்டுங்கள். தளம் எது என்பதை அப்புறம் எழுதிக் கேளுங்கள், சொல்கிறேன்.