‘எல்லாம் கவர் ஆகும்’ என்கிறாரா ஏஜண்ட்?

கோலாலம்பூர் செந்தூலில் தரைத்தளக் கடைவீட்டில் மசாலா அரைத்து உணவகங்களுக்குக் கொடுக்கும் வாசகி ஒருவரின் கேள்வி: போன மழையில் கடைக்குள் முழங்கால் அளவு தண்ணீர். தீக்காப்புறுதி இருக்கிறது. வருமான இழப்புக் காப்புறுதியும் எடுத்தால் கடை மூடியிருக்கும் நாளுக்கெல்லாம் பணம் வரும் என்கிறார் ஏஜண்ட். எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் இன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். முதலில் பழைய பாலிசியின் ஷெடியூலை, அதாவது எதற்கெல்லாம் காப்புறுதி என்று போட்டிருக்கும் பட்டியலைப் பாருங்கள். சாதாரணத் தீக்காப்புறுதி தீ, மின்னல், வீட்டு எரிவாயு வெடிப்பு என்பதோடு நின்றுவிடும். வெள்ளத்துக்குத் தனியாகப் பிரீமியம் கட்டி, ‘பிளட்’ (Flood) என்று ஒரு வரி அதில் ஏறியிருக்க வேண்டும். அது இல்லையென்றால் ஏஜண்ட் வாயால் சொன்ன ‘எல்லாம் கவர் ஆகும்க்கா’ சல்லிக்காசு பெறாது. வாட்ஸ்அப்பில் எழுதிக் கேளுங்கள், மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள். 2021 டிசம்பரில் ஷா ஆலம் ஸ்ரீ மூடா அப்படி மூழ்கிய பிறகும், வெள்ளம் உண்டா இல்லையா என்பதை முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட யாருக்கும் மனசு வரவில்லை, நாம்தான் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டியிருக்கிறது.

ஷெடியூலில் அந்த ‘பிளட்’ வரி இருந்தால்தான், வெள்ளத்துக்காக எடுக்கும் வருமான இழப்புப் பாலிசிக்கே அர்த்தம். உங்கள் கடையில் வெள்ளச் சேதம் நடந்து, அதைப் பொருள் சேதப் பாலிசி (உங்களுக்கு அது தீக்காப்புறுதிதான்) ஏற்றுக்கொண்டால்தான் இதிலிருந்து பணம் வரும். கடை காய்ந்தே இருக்கிறது, ஆனால் ஜாலான் ஈப்போ சாலையில் தண்ணீர் நின்று வேன் வெளியே போக முடியவில்லை, மூன்று நாள் வியாபாரம் போச்சு என்றால் கிடைக்காது. தெருவில் மின்சாரம் நின்றாலும் அப்படித்தான். அக்கம்பக்கத்துச் சேதத்தால் உங்கள் கடைக்கு வழி அடைபட்டால் கொடுக்கும் கூடுதல் பிரிவு தனியாக விற்கிறார்கள். அதிலும் எத்தனை நாள், எத்தனை கிலோமீட்டருக்குள் என்று வரம்பு வைத்திருப்பார்கள், அதைப் படிக்காமல் வாங்காதீர்கள்.

பிரீமியம் மிச்சம் என்று ஸ்டாக் மதிப்பைக் குறைத்துப் போடாதீர்கள். இரண்டு லட்சம் ரிங்கிட் சரக்கை ஒரு லட்சத்துக்கு எழுதிவிட்டு நாற்பதாயிரம் நட்டமானால், பாதி மதிப்புக்குத்தானே காப்புறுதி என்று பாதி நட்டத்தைத்தான் கணக்கில் எடுப்பார்கள், கைக்கு வருவது அதிகபட்சம் இருபதாயிரம்தான்.

வெள்ளம் வடிந்த கையோடு ‘கிளெய்ம் வாங்கித் தருகிறேன், இருபது சதவீதம் கொடு’ என்று ஓர் ஆள் வருவார். வாசலோடு அனுப்பிவிடுங்கள். சேதம் மதிப்பிட வரும் அட்ஜஸ்டருக்குக் கட்டணம் காப்புறுதி நிறுவனம்தான் கொடுக்கும், உங்களிடம் காசு கேட்டாலே சந்தேகப்படுங்கள். சேறு அள்ளுவதற்கு முன்னால் சுவரில் தண்ணீர் ஏறிய கோடு, நனைந்த மிளகாய் மூட்டை, மெஷின் நம்பர் எல்லாவற்றையும் படம் எடுங்கள். அட்ஜஸ்டர் பார்த்துச் சொல்லும்வரை எதையும் குப்பையில் போடாதீர்கள். காப்புறுதி நிறுவனத்தோடு தகராறு வந்தால் இலவசமாக விசாரிக்க ஒம்புட்ஸ்மன் என்ற நடுநிலை அமைப்பு இருக்கிறது.

சரி, பணம் வர மாதக்கணக்காகும், உணவகக்காரர் அதுவரை காத்திருப்பாரா? மேட்டுப் பகுதியில் உள்ள இன்னொரு அரவை மில்லோடு இப்போதே பேசுங்கள்: உங்கள் கடை மூழ்கினால் அவர் அரைத்துத் தருவார், அவர் மெஷின் நின்றால் நீங்கள். கிலோவுக்கு என்ன விலை என்பதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மெஷினைச் சிமென்ட் மேடையில் ஏற்றி, சுவிட்ச் பெட்டியை இடுப்புக்கு மேலே மாற்றுங்கள். கடன் புத்தகத்தை வாரம் ஒருமுறை படமெடுத்து மகனுக்கோ மகளுக்கோ அனுப்புங்கள். அப்புறம், நனைந்த மோட்டாரைத் துடைத்துவிட்டு ‘ஓடுதா பார்ப்போம்’ என்று சுவிட்ச் போடாதீர்கள், லைசென்ஸ் உள்ள வயர்மேன் சோதித்த பிறகுதான்.