ஜெபித்தும் மனம் அமராதபோது: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் கணவர் நெடுங்காலமாக நோயுற்றிருக்கிறார். நாள் தவறாமல் ஜெபிக்கிறேன். ஆனாலும் இரவானால் பயம் பிடித்துக்கொள்கிறது. "ஒன்றுக்குங் கவலைப்படாமல்" என்று வேதம் சொல்லும்போது நீங்கள் கலங்குவது விசுவாசக் குறைவு என்று எங்கள் சபையில் ஒருவர் சொல்லிவிட்டார். என் ஜெபத்தில் குறை இருக்கிறதா?

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் ஜெபத்தில் குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பயம் நீங்காத நிலையிலும் நாள்தோறும் தேவனிடத்தில் போகிறீர்கள் என்றால், விசுவாசம் உங்களைத் தாங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

உங்களுக்குச் சுட்டிக்காட்டப்பட்ட வசனம் பிலிப்பியர் நிருபத்தின் 4-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அதை எழுதிய பவுல் அப்போது காவலில் இருந்தார். தாம் பிழைப்போமா, சாவோமா என்பதே அவருக்குத் தெரியாது என்பதை முதல் அதிகாரம் காட்டுகிறது. அதைவிட முக்கியமாக, அதே நிருபத்தின் 2-ஆம் அதிகாரத்தையும் நீங்கள் வாசிக்கவேண்டும். பவுலுக்கு உதவியாக வந்த எப்பாப்பிரோதீத்து என்பவர் நோயுற்று மரணத்துக்குச் சமீபமாகிப் பிழைத்தார். "துக்கத்தின்மேல் துக்கம் எனக்கு உண்டாகாதபடிக்கு" தேவன் தமக்கும் இரங்கினார் என்று பவுல் அங்கே எழுதுகிறார். படுக்கையில் கிடந்த ஒருவருக்காகக் கலங்கி, அந்தக் கலக்கத்தை மறைக்காமல் எழுதியவரே இரண்டு அதிகாரங்கள் கழித்துக் கவலைப்படாதீர்கள் என்கிறார். ஆகவே, அன்பு வைத்த ஒருவருக்காக மனம் பதறுவதை அவர் குற்றமாகக் கருதியிருக்க முடியாது. அந்த வசனத்தை நோயாளியின் வீட்டாரைக் கண்டிக்கும் கோலாக எடுப்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

கவலையை என்ன செய்வது என்பதைத்தான் அந்த வசனம் சொல்லித்தருகிறது: விண்ணப்பங்களைத் தேவனுக்குத் தெரியப்படுத்துங்கள். "கர்த்தாவே, சமாதானம் தாரும்" என்று பொதுவாகக் கேட்பதோடு நிறுத்தாமல், வரப்போகும் பரிசோதனை முடிவு, மருத்துவச் செலவு, தனித்துவிடுவோமோ என்ற எண்ணம் என ஒவ்வொரு பயத்தையும் பெயர் சொல்லி அவர் முன் வையுங்கள். அந்த வசனம் "ஸ்தோத்திரத்தோடு", அதாவது நன்றியோடு, என்று சொல்லியிருப்பதால் நோய்க்காக நன்றி சொல்லவேண்டும் என்று எண்ணிவிடாதீர்கள். கணவர் இன்று சற்று நேரம் வலியின்றி உறங்கியிருந்தால் அதற்கு நன்றி சொல்லுங்கள், போதும். கேட்டதெல்லாம் கேட்டபடியே கிடைக்கும் என்ற வாக்கு அந்தப் பகுதியில் இல்லை. "எல்லாப் புத்திக்கும் மேலான தேவசமாதானம்" இருதயத்தையும் சிந்தையையும் காத்துக்கொள்ளும் என்பதே அங்குள்ள வாக்கு. சூழ்நிலை மாறாதபோதும் உள்ளே ஒரு காவல் இருக்கும் என்றே நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

ஒரே ஜெபத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல நேர்ந்தால் வெட்கப்படவேண்டாம். தாம் பிடிக்கப்படுவதற்குச் சற்று முன் கெத்செமனே என்னும் இடத்தில் வியாகுலப்பட்ட இயேசு மூன்றாந்தரமும் அந்த வார்த்தைகளையே சொல்லி ஜெபித்தார் என்று மத்தேயு எழுதுகிறார்.

கேள்வி: பொறுமையாயிருங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். வேலை தேடித் தேடிக் களைத்துவிட்டேன். கிறிஸ்தவன் சொல்லும் பொறுமை, கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பதுதானா?

பதில்: இல்லை, தம்பி. லூக்கா 18-ஆம் அதிகாரத்தில், சோர்ந்துபோகாமல் ஜெபிக்கவேண்டும் என்பதற்கு இயேசு காட்டிய எடுத்துக்காட்டு, நியாயாதிபதியின் வாசலுக்கு ஓயாமல் போய் வழக்குரைத்த ஒரு விதவை. ஜெபித்துவிட்டு அடுத்த விண்ணப்பத்தை எழுதி அனுப்புவதும் பொறுமையைச் சேர்ந்ததே.

உங்கள் கடிதத்தில் வேலையின்மையைவிடக் களைப்பே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே" என்று சொல்லிச் சாவைக் கேட்டபோது, தேவன் உடனே அவருக்குப் புத்தி சொல்லவில்லை. உறங்கவிட்டார், தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் தூதன் மூலம் கொடுத்தார், மறுபடியும் உறங்கவிட்டு, மறுபடியும் உண்ணச் செய்தார். ஓரேப் மலையில், "இங்கே உனக்கு என்ன காரியம்" என்று கேட்டதெல்லாம் அதற்குப் பிறகுதான். உறக்கமும் உணவும் விசுவாச வாழ்க்கைக்குப் புறம்பானவை அல்ல என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் பகுதியை நான் அறியேன். முதலில் உடம்பைத் தேற்றிக்கொள்ளுங்கள். நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் மனம்விட்டுப் பேசுங்கள். எலியாவைப்போல் வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் எப்போதாவது தலைகாட்டினால், ஒரு நாளும் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். மருத்துவரிடம் போவது தேவன்மேல் அவநம்பிக்கை ஆகாது.

கேள்வி: வேதத்தைத் திறந்தால் மனம் ஒட்டவில்லை. ஜெபிக்கவும் வார்த்தை வருவதில்லை. தேவன் என்னைக் கைவிட்டுவிட்டாரா?

பதில்: தேவன் அருகில் இருப்பதை உணராமலிருப்பதும் அவரால் கைவிடப்படுவதும் ஒன்றல்ல. அன்னை தெரசா 1997-இல் மறைந்தபின் 2007-இல் வெளியான அவருடைய கடிதங்கள், அவர் பல பத்தாண்டுகள் தேவனுடைய பிரசன்னத்தை உணராமலேயே ஊழியம் செய்ததைக் காட்டின. சங்கீதப் புத்தகத்திலும் 88-ஆம் சங்கீதம் ஆறுதலான ஒரு வரிகூட இன்றி இருளிலேயே முடிகிறது. அதையும் நீக்காமல் ஜெபமாகவே வைத்திருக்கிறார்கள்.

சொந்த வார்த்தை வராத நாட்களில் இரவல் வார்த்தையால் ஜெபிக்கலாம். 13-ஆம் சங்கீதத்தில் ஆறு வசனங்களே உள்ளன. முதல் இரண்டு வசனங்களுக்குள் "எதுவரைக்கும்" என்ற கேள்வி நான்கு முறை வருகிறது. இன்றிரவு அதை வாய்விட்டு மெதுவாக வாசியுங்கள். "நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்" என்னும் ஐந்தாம் வசனத்தை மனதாரச் சொல்ல முடியாவிட்டால், நான்காம் வசனத்தோடு நிறுத்திக்கொண்டு, நாளைக்கு மறுபடியும் முதல் வசனத்திலிருந்து தொடங்குங்கள்.