லாரிக் குப்பையும் தீர்மானப் புத்தகமும்

கேள்வி: செங்கோட்டைக்கு மேற்கே, கேரள எல்லையையொட்டிய புளியரைப் பக்கம் எங்கள் ஊர். ஊராட்சியில் சுற்றுச்சூழல் செயல்திட்டம் எழுதப்போகிறார்களாம். கிராம சபைக்கு வந்து யோசனை சொல்லச் சொல்கிறார்கள். எங்களுக்குத் தலைவலி, இரவில் லாரிகள் ஓடைக்கரையில் கொட்டிவிட்டுப் போகும் குப்பைதான். போய்ப் பேசினால் ஏதாவது நடக்குமா?

பதில்: வெறுமனே பேசிவிட்டு வந்தால் அது அன்று மாலையே காற்றோடு போய்விடும். தீர்மானப் புத்தகத்தில் ஏற்றிவிட்டு வாருங்கள்.

கிராம சபை ஆண்டுக்கு 6 நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தண்ணீர் தினமான மார்ச் 22 வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்; அடுத்த கூட்டத்திலேயே எழுப்புங்கள். மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை உள்ள ஊராட்சியில் 100 பேராவது வர வேண்டும். கையெழுத்துப் போட்டுவிட்டு டீக்கடைக்கு நழுவுகிறவர்களைப் பிடித்து உட்காரவைப்பதே பாதி வேலை!

'சுற்றுச்சூழலைக் காக்க வேண்டும்' என்ற தீர்மானம் யாரையும் அசைக்காது. எந்த ஓடை, எந்தப் பாலத்தடி, யார் பொறுப்பு, எந்த மாதத்துக்குள், எந்த நிதியில் என்று எழுதச் சொல்லுங்கள். தீர்மானத்தின் நகலையும் கேட்டு வாங்குங்கள்; தரத் தயங்கினால் 10 ரூபாய் கட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள்.

சோதனைச் சாவடியில் லாரியை மறித்துத் தார்ப்பாயைப் பிரித்துப் பார்ப்பது ஊராட்சியால் ஆகாது. அது காவல்துறையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் செய்ய வேண்டிய வேலை. எனவே தீர்மானத்தை ஆட்சியருக்கும் வாரியத்துக்கும் அனுப்புங்கள். நாள், நேரம், வண்டி எண், புகைப்படம் எல்லாம் கூடவே போகட்டும். 2024 டிசம்பரில் திருநெல்வேலி நடுக்கல்லூர்ப் பக்கம் மருத்துவக் கழிவு கொட்டப்பட்டபோது, குவியலில் கிடந்த மருத்துவமனைச் சீட்டுகளே அது எங்கிருந்து வந்தது என்று காட்டிக்கொடுத்தன. சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட, கேரளமே லாரி அனுப்பி அள்ளிப் போனது. நீங்கள் படம் எடுத்தால் போதும்; கையால் கிளறாதீர்கள், ஊசி கிடக்கும்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், ஓடையில் நம் ஊர்ப் பிளாஸ்டிக் பைகளும் கிடக்கும். அவற்றுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலே தடை. மலைக்கு அப்பால் கேரளத்தில், ஹரித கர்ம சேனா என்ற குப்பை சேகரிக்கும் குழுப் பெண்கள் வீடு வீடாக வந்து பிளாஸ்டிக்கை வாங்கிப் போகிறார்கள். அதற்கு வீட்டுக்காரர்கள் மாதக் கட்டணம் கொடுக்கிறார்கள். நம் தூய்மைக் காவலர்கள் மக்காத குப்பைக்கு எந்தக் கிழமை வருவார்கள் என்பதையும் செயல்திட்டத்திலேயே எழுதிவிடச் சொல்லுங்கள்.

இன்னொன்று, பலரும் மறந்துபோவது. 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். ஊர் மக்களைக் கேட்டு அது ஒரு பதிவேடு எழுத வேண்டும். ஓடையில் எந்த மீன் இருந்தது, கரையில் எந்த மரம் நின்றது என்று உங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வது அதில் ஏறினால், நாளை வழக்கு என்று வரும்போது கைகொடுக்கும். அந்தப் பதிவேட்டை ஊராட்சிச் செயலரிடம் கேட்டு வாங்கி, உங்கள் ஓடை அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.